'அப்ளிகேஷன் போட்டியா, இல்லையா?' - ஏ.டி.ஹெச்.டி பிள்ளைகளும் காலேஜ் அட்மிஷனும்... பெற்றோர் என்ன செய்யலாம்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டில் ஸ்வீட் பாக்ஸ் காலியாவதற்குள் அடுத்த ஓட்டம் ஆரம்பித்துவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு ஆன்லைனில் பதிவு, கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம், இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழ், பள்ளியில் டி.சி, பிரவுசிங் சென்டரில் ஸ்கேன், போனில் ஓ.டி.பி... எல்லா வீடுகளிலும் இது டென்ஷனான காலம்தான். ஆனால், ஏ.டி.ஹெச்.டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், இது பொதுத்தேர்வைவிடக் கடினமான காலம்.

நல்ல மார்க் எடுத்த பிள்ளை, கடைசித் தேதியைத் தவறவிடும். மூன்று நாளாக 'இதோ பண்றேன்' என்று சொன்ன வேலை, மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்கும் அப்படியே இருக்கும். 'படிப்புல காட்டுற அக்கறையை இதுல காட்டக் கூடாதா?' என்று அம்மா கேட்பார். 'உனக்கே அக்கறை இல்லைன்னா நாங்க ஏன் அலையணும்?' என்று அப்பா சத்தம் போடுவார். பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளும்.

உண்மையில் அங்கே குறைவது அக்கறையா?

அட்மிஷன் கேட்பது என்ன?

பள்ளியில் படித்தவரை ஏ.டி.ஹெச்.டி உள்ள பிள்ளையைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. காலை மணி அடிக்கும். ஆசிரியர் வீட்டுப்பாடம் கேட்பார். டியூஷன், ரிவிஷன் டெஸ்ட், கையெழுத்து வாங்கிவரச் சொல்லும் டைரி என ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அடுத்த வேலையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ப்ளஸ் டூ முடிந்த மறுநாள் அந்த வேலி மொத்தமாக விலகிவிடுகிறது.

அதே நேரம், கல்லூரிச் சேர்க்கை பிள்ளையிடம் எதிர்பார்ப்பதைப் பாருங்கள். தேதிகளை நினைவில் வைப்பது, ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது, சலிப்பான படிவத்தை வரி விடாமல் நிரப்புவது, பல கல்லூரிகளை ஒரே நேரத்தில் மனதில் வைத்து ஒப்பிடுவது, பதற்றத்தில் அவசர முடிவு எடுக்காமல் இருப்பது. திட்டமிடுதல், தொடங்குதல், நினைவில் நிறுத்துதல், தன்னைக் கட்டுப்படுத்துதல் ஆகிய இந்தத் திறன்களை மூளையின் 'நிர்வாகச் செயல்பாடுகள்' என்கிறார்கள் நிபுணர்கள். ஏ.டி.ஹெச்.டி பாதிப்பது குறிப்பாக இவற்றைத்தான். அறிவு வேறு, இது வேறு. இயற்பியலில் 95 எடுத்த மாணவி, பாஸ்வேர்டை எழுதிவைக்க மறந்துபோவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, ஏ.டி.ஹெச்.டி உள்ளவர்களின் சுயக்கட்டுப்பாட்டுத் திறன் அவர்கள் வயதைவிட ஏறக்குறைய 30 சதவிகிதம் பின்தங்கியிருக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார். அதன்படி பார்த்தால், 18 வயதுப் பிள்ளையிடம் பொறுப்பை மொத்தமாக ஒப்படைப்பது, 12, 13 வயதுக் குழந்தையிடம் பேங்க் வேலையை ஒப்படைப்பது மாதிரி. வேலை முடியாவிட்டால் திட்டுவதைவிட, அந்த வயதுக் குழந்தைக்கு எவ்வளவு துணை தேவையோ அவ்வளவு துணை கொடுப்பதுதான் பலன் தரும்.

'என் பிள்ளைக்கு இருக்குமோ?'

உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், குழந்தைகளில் சுமார் 5 சதவிகிதம் பேருக்கு ஏ.டி.ஹெச்.டி இருப்பதாகத் தெரிகிறது. 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கண்ணில் படுகிறார்கள். அமைதியாக உட்கார்ந்தபடி கனவில் மிதக்கும், பொருள்களைத் தொலைக்கும், பாதி வேலையில் விட்டுவிடும் பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள். இவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். 'சோம்பேறி', 'மறதிக்காரி' என்ற பட்டத்தோடு ப்ளஸ் டூ வரை வந்துவிடுகிறார்கள்.

நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு ஏ.டி.ஹெச்.டி இருப்பது 41 வயதில்தான் கண்டறியப்பட்டது என்று 2024-ல் ஒரு நிகழ்ச்சியில் வெளிப்படையாகச் சொன்னது நினைவிருக்கலாம். அவ்வளவு தாமதமாகத் தெரியவருவது அபூர்வமல்ல.

அதற்காக, அட்மிஷன் நேரத்தில் தடுமாறும் எல்லோருக்கும் ஏ.டி.ஹெச்.டி என்று அர்த்தமில்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். எது என்று பிரித்துச் சொல்ல மனநல மருத்துவரால்தான் முடியும். இன்ஸ்டா ரீல்ஸ் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் இதற்கான ஆலோசனை பெறலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களையும் அணுகலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால், 'பரீட்சைதான் முடிஞ்சிருச்சே' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கவனம் அதிகம் தேவைப்படும் வாரங்கள் இனிமேல்தான் வரப்போகின்றன. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, அட்மிஷன் வேலைக்கு வருவோம்.

1. 'அப்ளிகேஷன் போடு' என்பது ஒரு வேலை அல்ல

உங்களுக்கு அது ஒரு வரி. பிள்ளைக்கு அது எங்கே தொடங்குவது என்றே தெரியாத மலை. அதனால்தான் தொடவே மாட்டேன் என்கிறது. மலையை உடையுங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுப்பது. ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை டவுன்லோடு செய்வது. சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் 7.5 சதவிகித ஒதுக்கீட்டுக்கான சான்றைப் பள்ளியில் கேட்டு வாங்குவது. போட்டோ எடுப்பது. ஸ்கேன் செய்வது. பதிவுக் கட்டணம் கட்டுவது. ரசீதை சேமிப்பது.

ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். முடிந்ததும் பிள்ளையே அடித்துவிடட்டும். 'அப்ளிகேஷன் போட்டியா?' என்று பத்து தடவை கேட்பதைவிட, 'லிஸ்ட்ல அடுத்து என்ன இருக்கு? இப்ப பண்ணலாமா, ஆறு மணிக்குப் பண்ணலாமா?' என்று ஒரு தடவை கேட்பது வேலை செய்யும்.

2. தேதி சுவரில் இருக்கட்டும்

ஏ.டி.ஹெச்.டி உள்ளவர்களுக்கு நேரம் என்பது பெரும்பாலும் இரண்டே வகை. 'இப்போது', 'இப்போது இல்லை.' அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றால் அது 'இப்போது இல்லை' கணக்கில் போய்விடும். வியாழன் இரவுதான் திடீரென்று 'இப்போது' ஆகும்.

போனில் ரிமைண்டர் வைத்தால், தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். கண்ணில் படும் இடத்தில் பெரிய மாதக் காலண்டரை மாட்டி, கடைசித் தேதிகளைச் சிவப்பில் எழுதுங்கள். அதற்கு மூன்று நாள் முன்பு ஒரு 'முடிக்கும் நாளை' பச்சையில் எழுதுங்கள். 'கடைசித் தேதி இதுதான்' என்று பொய் சொல்லி ஏமாற்ற வேண்டாம். ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையான தேதிக்கும் மரியாதை போய்விடும். அந்தப் பச்சை நாளில் ஒரு ஆளைச் சேர்த்துவிடுங்கள். 'புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு சித்தி வர்றாங்க, சேர்ந்து உட்கார்ந்து அப்லோடு பண்ணப்போறோம்.' ஆள் வருகிறார் என்றால் வேலை நடக்கும்.

பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதே இவர்களுக்குப் பெரிய உதவி. சித்தி எதையும் டைப் செய்ய வேண்டாம். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அருகில் இருந்தாலே போதும்.

3. ஒரே போன், ஒரே மெயில், ஒரே ஃபைல்

பல வீடுகளில் நடக்கும் ஒன்று. பிரவுசிங் சென்டர் அண்ணனே ஒரு மெயில் ஐ.டி-யைத் தொடங்கி, பாஸ்வேர்டையும் அவரே போட்டு, விண்ணப்பத்தை முடித்துத் தந்துவிடுவார். ஒரு மாதம் கழித்து விருப்பப் பட்டியல் நிரப்பும் நாளில் லாகின் செய்ய முடியாது. கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கு இது நடக்க இரட்டை வாய்ப்பு உண்டு.

எனவே, பிள்ளையின் பெயரில் ஒரே மெயில் ஐ.டி, சேர்க்கை முடியும்வரை மாற்றாத ஒரே போன் எண். அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் நின்றுவிடக் கூடாது, ஓ.டி.பி அதில்தான் வரும். பதிவு எண், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அதைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்க வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களுக்கு ஒரு ஃபைல், ஜெராக்ஸுக்கு இன்னொரு ஃபைல். ஒரிஜினல் ஃபைலைப் பிள்ளை தனியாகப் பேருந்தில் எடுத்துப்போக விடாதீர்கள். இதில் நம்பிக்கைப் பிரச்னை எதுவும் இல்லை. குடையைத் தொலைப்பவரிடம் இன்னொரு குடை வாங்கிக் கொடுத்துவிடலாம், டி.சி-யை அப்படி வாங்க முடியாது.

4. விருப்பப் பட்டியலைத் தரையில் போடுங்கள்

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில், கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தரவரிசை வந்த பிறகு, உங்கள் சுற்றில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்த சில நாள்களே அவகாசம். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆனால், வரிசைதான் முக்கியம். மேலிருந்து கீழாகப் பார்த்து, கிடைக்கக்கூடிய முதல் இடத்தைத்தான் கணினி ஒதுக்கும்.

இவ்வளவையும் போன் திரையில் பார்த்து வரிசைப்படுத்துவது யாருக்குமே சிரமம். ஏ.டி.ஹெச்.டி பிள்ளை பத்தாவது கல்லூரியிலேயே சலித்துப்போய், 'ஏதோ ஒண்ணு போடு' என்று எழுந்துவிடும்.

சுற்று வருவதற்கு இரண்டு வாரம் முன்பே இதைத் தொடங்குங்கள். ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு கல்லூரி, ஒரு பிரிவு. கல்லூரிக் குறியீடு, போன வருட கட்-ஆஃப், வீட்டிலிருந்து தூரம் மூன்றையும் அதில் எழுதுங்கள். தரையில் மூன்று குவியல் போடச் சொல்லுங்கள். 'கண்டிப்பா வேணும்', 'பரவாயில்லை', 'வேண்டாம்.' தினமும் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கையால் நகர்த்தும்போது ஒப்பிடுவது எளிதாகும். பிறகு சீட்டுகளை வரிசையாக அடுக்கி, அதைப் பார்த்து ஆன்லைனில் ஏற்றுங்கள். ஒருவர் குறியீட்டை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திரையில் சரிபாருங்கள். ஓர் எண் மாறினால் ஊரே மாறிவிடும்.

5. அந்த இரண்டு நாள்

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். பட்டியலைக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால், தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, குறுகிய அவகாசத்துக்குள் லாகின் செய்து பதில் சொல்ல வேண்டும். 'ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்', 'ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ள விருப்பம் கிடைத்தால் மாறுவேன்', 'இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும்', 'அடுத்த சுற்றுக்குப் போகிறேன்' என்று பல வாய்ப்புகள் இருக்கும். உறுதி செய்யாவிட்டால், ஒதுக்கிய இடம் கைநழுவும். உறுதி செய்த பிறகும் குறித்த நாளுக்குள் கல்லூரிக்கோ சேர்க்கை சேவை மையத்துக்கோ போக வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும்.

ஒதுக்கீடு வரும் நாளுக்கு முன்பே, 'முதல் பத்துக்குள் கிடைத்தால் இதைச் சொல்வோம், அதற்குக் கீழே கிடைத்தால் இதைச் சொல்வோம்' என்று பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்திலோ ஏமாற்றத்திலோ அவசரமாகத் தட்டிவிடாமல் இருக்க இது உதவும். அந்த நாள்களில் வீட்டில் பெரியவர் ஒருவர், பிள்ளையின் பக்கத்திலிருந்து உறுதி செய்வதைப் பார்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க வேண்டும்.

6. ஒரு ராத்திரி தூங்கிவிட்டு முடிவு

நினைத்ததை உடனே செய்துவிடும் அவசரமும் ஏ.டி.ஹெச்.டி-யின் ஒரு பகுதி. நண்பன் சேர்கிறான் என்று ஒரு கல்லூரியைப் பிடிவாதமாகக் கேட்பது, கண்காட்சியில் பார்த்த புதுப்பெயர் கோர்ஸில் மயங்குவது, 'இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி' என்று சொல்பவரை நம்புவது எல்லாம் இதில் வரும். 'எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டும் முன்பு ஒரு ராத்திரி தூங்கி எழுந்துதான் முடிவு' என்று ஒரு விதி வையுங்கள். அந்த விதி அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான். ஏ.டி.ஹெச்.டி மரபுவழியில் வர அதிக வாய்ப்புள்ள ஒன்று. மகனின் மறதியைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் அப்பா, தன் வண்டிச்சாவியை எங்கே வைத்தார் என்று தேடிக்கொண்டிருப்பது பல வீடுகளில் பார்க்கும் காட்சி. அப்படியென்றால் காலண்டரை நிர்வகிக்கும் பொறுப்பை அத்தையோ, மாமாவோ, மூத்த அக்காவோ ஏற்கலாம்.

7. எந்த கோர்ஸ், எந்த காலேஜ்?

'ஏ.டி.ஹெச்.டி இருந்தா இன்ஜினீயரிங் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அப்படி ஒரு தடைப் பட்டியல் கிடையாது. பிடித்த விஷயத்தில் மணிக்கணக்கில் மூழ்கக்கூடியவர்கள் இவர்கள். பிடிக்காத விஷயத்தில் கட்டாயத்துக்காக உட்காருவதுதான் இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு கஷ்டம். எனவே, கோர்ஸின் பெயரைப் பார்க்காமல், நான்கு வருட சிலபஸை இறக்கி, எத்தனை பேப்பர் எழுத்துப் பாடம், எத்தனை லேப், எவ்வளவு புராஜெக்ட் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

கல்லூரியைப் பார்க்கும்போது கட்டடத்தைவிட முக்கியமான சில கேள்விகள் உண்டு. தினமும் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? இரண்டு பஸ் மாறிப் போகும் பிள்ளைக்குத் தூக்கம் குறையும். தூக்கம் குறைந்தால் கவனம் இன்னும் குறையும். ஹாஸ்டல் என்றால் எழுப்பிவிட ஆள் இல்லை, சமாளிக்க முடியுமா? வருகைப்பதிவு 75 சதவிகிதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்ற விதியை எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள்? மாணவர்களிடம் தனியாகப் பேச ஆலோசகர் இருக்கிறாரா? வகுப்புக்குப் பொறுப்பாசிரியர் உண்டா?

சலுகை கிடைக்குமா?

பெற்றோர் அதிகம் குழம்பும் விஷயம் இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. ஏ.டி.ஹெச்.டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. எனவே, ஏ.டி.ஹெச்.டி மட்டும் இருந்தால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் இந்தச் சட்டப்படி வழங்கப்படும் 5 சதவிகித இட ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது.

ஆனால், ஏ.டி.ஹெச்.டி உள்ள பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். வாசிப்பதிலும் எழுத்துப்பிழையிலும் கணக்கிலும் சின்ன வயதிலிருந்தே சிரமம் என்றால், அதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் குழு 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றளித்தால், இட ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. சான்றிதழ் கிடைக்க நாள் பிடிக்கும் என்பதால், ப்ளஸ் ஒன்னிலேயே தொடங்குவது நல்லது.

ஏ.டி.ஹெச்.டி இருப்பதைக் கல்லூரியில் சொல்ல வேண்டுமா? கட்டாயம் இல்லை. மனநல சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தருகிறது. நம்பிக்கையான பொறுப்பாசிரியரிடம் சொல்லிவைத்தால் முதல் வரிசையில் இடம், அசைன்மென்ட் தேதியை நினைவூட்டுவது போன்ற சின்ன உதவிகள் கிடைக்கலாம். சொல்வதா, வேண்டாமா என்ற முடிவு பிள்ளையுடையது. பிள்ளையிடம் கேட்காமல் அட்மிஷன் ஆபீஸில் வைத்து, 'இவனுக்குக் கொஞ்சம் கவனம் பத்தாது சார்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.

தவறிப்போனால்?

இவ்வளவு செய்தும் ஒரு தேதி தவறலாம். பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் காலியிடங்களுக்கு அடுத்தடுத்த சுற்றுகள் உண்டு. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ சேரும் வழியும் இருக்கிறது. இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், அதுவும் முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லுங்கள். பல வருடங்களாக 'உன்னால எதுவுமே உருப்படியா முடியாது' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஒரு திட்டு, மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆழமாக இறங்கும். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால், வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரிப் பேசினால், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச உதவி எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசகர்களிடம் பேசலாம். பெற்றோரும் பேசலாம்.

கல்லூரி திறப்பதற்கு முன்...

சேர்க்கை முடிந்ததும் அந்தக் காலண்டரைக் கழற்றிவிட வேண்டாம். இந்த மூன்று மாதத்தில் எது வேலை செய்தது என்று பிள்ளையிடமே கேளுங்கள். லிஸ்ட் எழுதியதா, சித்தி பக்கத்தில் உட்கார்ந்ததா, சீட்டுகளைத் தரையில் அடுக்கியதா? எது உதவியதோ அதை முதல் செமஸ்டருக்கும் கொண்டுபோகட்டும். சித்தியின் இடத்தில் ஒரு ரூம்மேட்டோ வகுப்புத் தோழியோ உட்காரலாம். பாஸ்வேர்டு நோட்டை ஒரு பிரதி எடுத்துப் பிள்ளை கையில் கொடுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் மட்டும், 'இந்த வாரம் என்னென்ன தேதி இருக்கு?' என்று சேர்ந்து பாருங்கள். அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்கட்டும், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.